வாங்கப்போகிறவர்களின் நட்சத்திரம்

பாட்டுக் கட்டுகிறவன் பசியைப் பொறுத்துக்கொள்வான். பக்கத்துக் கடைக்காரனும் பாட்டுக் கட்ட ஆரம்பித்தால் பொறுக்கமாட்டான். இராஜபாளையம் சந்தையில் சங்கையாப் புலவருக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. பசி கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

சங்கையா முன்பு ஒரு சின்ன ஜமீனில் ஆஸ்தானப் புலவராக இருந்தவர். பெரிய ஜமீன்தார் தும்மினால் ஒரு வெண்பா, பல் துலக்கினால் ஒரு விருத்தம் என்று பதினாறு வருஷம் காலம் தள்ளினார். பெரியவர் கண்ணை மூடினார். பட்டத்துக்கு வந்த சின்னவர் முதல் காரியமாக இரட்டைக் குதிரைக் கோச்சு வண்டி ஒன்று வாங்கினார். இரண்டாவது காரியமாகப் புலவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"குதிரைக்குக் கொள்ளு வைக்கணும் புலவரே. நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க" என்றார் மரியாதையாகவே.

குதிரையோடு போட்டியிட்டுத் தோற்றது சங்கையாவுக்கு வருத்தம்தான். ஆனால் காலம் மாறிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. மதுரையில் அச்சுக்கூடங்கள் வந்துவிட்டன. யார் பாட்டுக் கொண்டுபோனாலும் எட்டுப் பக்கத்தில் அடித்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். இனி ஒரு ஜமீன்தாரின் கட்டைவிரலைத் தாமரை என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் காலணா கொடுத்து வாங்கிப் படிக்கிற மாதிரி எழுதினால் போதும். யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் தன் பேனாவை நம்பிப் பிழைப்பது என்று முடிவு செய்து, மனைவி அய்யம்மாளோடு இராஜபாளையம் வந்து சேர்ந்தார். சந்தை முக்கில் ஒரு பாயை விரித்து, கடிதாசியும் மனுவும் எழுதிக் கொடுத்து அரிசிக்கு வழி செய்துகொண்டார். மிச்ச நேரத்தில் தன் நூலை எழுதினார்.

நூலின் பெயர் வெள்ளச் சிந்து. முந்தின ஐப்பசியில் மலையில் பெய்த மழை காட்டாறாக இறங்கி வந்தபோது, பருத்தி வண்டியோடு நடு ஆற்றில் மாட்டிக்கொண்ட ஒரு வண்டிக்காரனைப் பற்றியது. அவன் தான் குதித்துத் தப்பாமல் முதலில் மாடுகளை அவிழ்த்துவிட்டான். மாடுகள் கரையேறின. அவன் ஏறவில்லை. அறுபது பாட்டு. பதினாறு வருஷம் தும்மலைப் பாடிய மனிதருக்குள் இப்படி ஒரு பாட்டு இருந்தது அவருக்கே ஆச்சரியம். எழுதும்போது ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பார். 

அந்தப் பாய்க்குப் பக்கத்துக் கடைதான் ஹமீதின் புகையிலைக் கடை.

ஹமீதுக்கு யாப்பு தெரியாது. எதுகை தானாக வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறவன். அவன் ஒரு நாள் "சேவல் திருட்டுச் சிந்து" என்று ஒன்றைக் கட்டினான். சந்தை நாளில் கடை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று பாடினான். கூட்டம் எங்கே கொட்டாவி விட்டதோ அந்தப் பாட்டை மறுவாரம் எடுத்துவிட்டான். எங்கே சிரித்ததோ அங்கே இரண்டு பாட்டைக் கூடச் சேர்த்தான். ஒரு மாதத்தில் பாட்டு தேறிவிட்டது. மதுரைக்குப் போய் அச்சடித்து வந்தான். தளவாய்புரம், செட்டியார்பட்டி, சேத்தூர் என்று எங்கிருந்து வந்தவனும் புகையிலையோடு ஒரு சேவலையும் மடியில் கட்டிக்கொண்டு போனான்.

சங்கையாவுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பயனில்லை. கூட்டம் சிரிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது போல அவருக்கு இருந்தது. ஹமீது நல்லவன் என்பது அதைவிட மோசம். கடிதாசி எழுத வருகிற ஆட்களை, "அண்ணாச்சிகிட்ட எழுதுங்க, அவிய எழுத்து முத்து மாதிரி" என்று அவனே அனுப்பிவைப்பான். திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் தரமாட்டான்.

"அவன் பொஸ்தகத்துல என்ன இருக்கு? ஒரு சாற்றுக்கவி இருக்கா?" என்றார் ஒரு நாள் அய்யம்மாளிடம். சாற்றுக்கவி என்பது ஒரு நூலைப் பார்த்து மற்றப் புலவர்கள் மெச்சிப் பாடி முன்னால் சேர்க்கிற பாட்டு. "பெரியவங்க பாத்து, இது நூல்தான்னு சொல்லாம வாரதெல்லாம் நூலா?"

"அதுல சேவல் இருக்கு, வாங்குதாக" என்றாள் அய்யம்மாள். "நீங்களும் ஒங்க வண்டிக்காரனை அச்சடிச்சுப் போடுங்களேன். எனக்கே கண்ணு கலங்குது."

"நானும் அவனும் ஒண்ணா?" என்றார் சங்கையா.

ஒன்றல்ல என்று காட்டுவதற்காகத்தான் அவர் ஏழு மைல் நடந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்.

அங்கே "செந்தமிழ் நூற்பொருத்தப் பரிசோதனைச் சபை" என்று ஒன்று நடந்துவந்தது. அதற்குத் தலைமை வகிக்கும் அக்கிராசனர் தவசிமுத்துப் புலவர். காரியதரிசி ஆண்டிச்சாமி, தாலுகா கச்சேரியில் தஸ்தாவேஜுகளைக் கட்டி வைத்து ஓய்வு பெற்றவர். கச்சேரியை விட்டு வந்த பின்னும் சிவப்பு நாடாவை விட மனமில்லாமல் சபையில் சேர்ந்தவர். உறுப்பினர்கள் ஒன்பது பேர். மாதம் ஒரு தடவை சபை கூடும். கூடியதும் ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரையும் பட்டப்பெயர்களோடு வாழ்த்துவார்கள். ஒன்பதை எட்டால் பெருக்கி எழுபத்திரண்டு வாழ்த்து. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நன்றி சொல்லிக் கலைவார்கள்.

இரண்டு மாதம் சங்கையா வாழ்த்துகளைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது மாதம் இரண்டு உறுப்பினர்களுக்கு வயிற்றுப்போக்கு. வாழ்த்து சீக்கிரம் முடிந்தது. நூல் எடுத்துக்கொள்ளப்பட்டது.

தவசிமுத்துப் புலவர் சுவடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரிக்காமல் கேட்டார். "பாட்டுடைத்தலைவர் யார்?"

"ஒரு வண்டிக்காரன்ங்க."

"அவன் செத்தவன். யாம் கேட்பது, இந்நூலை ஏற்றுப் பரிசில் தரும் பிரபு யார்?"

"பிரபு இல்லீங்க. நானூறு பிரதி அச்சடிச்சுச் சந்தையில விக்கப் போறேன். வாங்குத சனங்கதான்."

உறுப்பினர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தவசிமுத்துப் புலவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் அரை மணிக்குக் குறையாது.

"ஐயா, நூலின் முதற்சீருக்கும் தலைவனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டுமென்பது ஆன்றோர் விதி. கல்யாணத்துக்குப் பார்க்கிறோம் அல்லவா? பொருத்தம் பிசகினால், நஞ்செழுத்து நேர்ந்தால், தலைவனுக்கு ஆயுள் போகும். ஒரு பிரபுவுக்குப் பாடினால் ஒரு பிரபுதான் போவார். நீர் நானூறு பேருக்கு விற்பேன் என்கிறீர். நானூறு உயிருக்கு யார் ஜவாப்? இச்சபை இதுவரை பதினோரு நூல்களுக்குப் பொருத்தம் பார்த்து அங்கீகரித்திருக்கிறது. பதினோரு தலைவர்களும்..."

"நல்லா இருக்காவளா?" என்று சங்கையா ஆவலாகக் கேட்டார்.

"காலமாகிவிட்டார்கள். ஆனால் பத்துப் பொருத்தத்தோடு காலமானார்கள். அது வேறு மரணம்."

சபை தலையாட்டியது. கடைசியில் காரியதரிசி ஆண்டிச்சாமி தீர்மானத்தை வாசித்தார். நூலை வாங்கப்போகிறவர்கள் அனைவரின் பெயர், ஊர், பிறந்த நட்சத்திரம் ஆகியவற்றைப் பட்டியலாக இரண்டு பிரதி எழுதிக் கொண்டுவர வேண்டும். அதன் பின் முதற்சீர் எல்லாருக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கப்படும்.

"இன்னும் வாங்கவே இல்லையே, யாரு வாங்குவாகன்னு எப்படிங்க தெரியும்?"

"அதைக் கண்டறிவது ஆசிரியர் கடமை" என்றார் ஆண்டிச்சாமி. "சபை எழுத்தாளர் வேலையில் தலையிடுவதில்லை."

வேறு யாராக இருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்கு வண்டி பிடித்திருப்பார்கள். சங்கையாவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் ஊர் திரும்பியபோது ஹமீதின் கடை வாசலில் புதுப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. "மூக்குத்தி முழுங்கிய கோழி." கூட்டம் வண்டிப்பாதை வரை நின்றது. சங்கையா தன் பாயைப் போட இடமில்லாமல் ஓரமாக நின்று பார்த்தார். அன்றே ஒரு கணக்கப்பிள்ளை நோட்டை வாங்கிக் கோடு போட்டுவிட்டார்.

மறுவாரம் சந்தையில் நட்சத்திர வசூல் ஆரம்பமாயிற்று. அந்த வருஷம் சர்க்கார் ஜனக்கணக்கு எடுத்துக்கொண்டிருந்த சமயம். நோட்டும் பேனாவுமாக ஒருவர் வந்து பேர் கேட்டால் ஜனங்கள் தலைக்கு வரி வருகிறதென்று ஓடினார்கள். பிளேக் ஊசி என்று சிலர் ஓடினார்கள். ஓடாதவர்கள் தங்கள் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் கூடுமா என்று கேட்டார்கள்.

புளி விற்கிற வெள்ளைத்தாய் மட்டும் பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

"எனக்கு மூலம் சாமி. மூலத்துல பொறந்தவ மாமனாருக்கு ஆகாதுன்னாக. கட்டுனவனுக்கு அப்பன் முன்னாலேயே போயிட்டாரு, தப்பிச்சேன். ஒம்ம பாட்டுக்கும் அது ஆகாதா?"

"பாப்போம் தாயி. எழுதிக்கிட்டேன்."

வசூல் மந்தமாக இருப்பதைப் பார்த்த ஹமீது தன் பெட்டி மேல் ஏறி நின்று கத்தினான். "மக்கா! அண்ணாச்சி வரி போட வரல. ஒரு பாட்டு கட்டியிருக்காக. பக்கத்துல ஒக்காந்து தெனமும் கேக்கேன், கல்லும் கரையும். அது வெளிய வரணும்னா ஒங்க நட்சத்திரம் வேணுமாம். என்னான்னு எனக்கும் வெளங்கல. சொல்லுங்க, பொறவு கோழிப் பாட்டு!"

கோழிப் பாட்டுக்காக ஜனங்கள் வரிசையில் நின்று நட்சத்திரம் சொன்னார்கள்; முன்பே சொன்னவர்களோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். தன் நூலை வாங்கப்போகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஹமீது சொன்னதால் வந்தவர்கள் என்பது சங்கையாவின் நெஞ்சில் மிளகாய் அரைத்தது.

"என் பேரையும் போடுங்க அண்ணாச்சி, நான் வாங்காமலா?" என்றான் ஹமீது. "நட்சத்திரம் எங்களுக்குக் கெடையாது. பொறந்த பிறை வேணா எங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

சபை அந்தப் பிறையை மட்டும் இரண்டு மாதம் விவாதித்தது. அப்புறம் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தது.

"முதற்பாட்டின் முதலெழுத்து, பட்டியலில் அறுபத்தெட்டுப் பேருக்கு மரண ஸ்தானத்தில் நிற்கிறது" என்றார் தவசிமுத்துப் புலவர். "விசேஷமாகப் புளி விற்கும் ஸ்திரீ ஒருத்திக்கு."

"சீரை மாத்திடுதேன்ங்க. ஒரு நிமிசம்."

"கூடாது!" புலவர் கையை உயர்த்தினார். "ஆசிரியர் வைத்த சொல்லை மாற்றச் சொல்வது அடக்குமுறை. இச்சபை அதை ஒருபோதும் செய்யாது. நீக்குவது மட்டுமே எங்கள் தொண்டு."

முதற்பாட்டு நீக்கப்பட்டது. அது போனதும் இரண்டாம் பாட்டு முதற்பாட்டு ஆயிற்று. அதற்குப் பொருத்தம் பார்த்தார்கள். திருவோணத்துக்காரர்களுக்கு ஆகவில்லை. அதுவும் போயிற்று. மூன்றாவது முதலாவதாயிற்று. நானூற்றுப் பதின்மூன்று பேருக்கும் ஒத்துவருகிற எழுத்து தமிழில் இல்லை என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை; அல்லது ஒன்பது பேருக்கும் தோன்றி, ஒருவர் சொல்லட்டும் என்று மற்றவர் காத்திருந்தார்கள்.

அநியாயமாகச் சொல்லக் கூடாது. நீக்கும்போதெல்லாம் சபை மனமார மெச்சியது. "ஆகா, மாட்டை அவிழ்க்கிற இடம்! என்ன கற்பனை! நீக்குக" என்பார் புலவர். ஒவ்வொரு பாட்டுக்கும் மெச்சியவர் தன் மெச்சுதலை ஒரு வெண்பாவாக எழுதிச் சாற்றுக்கவியாகச் சேர்த்தார். உறுப்பினர்கள் முடிந்து உறுப்பினர்களின் மாப்பிள்ளைமார் எழுதினார்கள்.

"இந்தச் சாற்றுக்கவிகளுக்குப் பொருத்தம் பாக்க வேண்டாமாங்க?" என்று ஒரு தடவை சங்கையா கேட்டுவிட்டார்.

"புகழுக்குப் பொருத்தம் எதற்கு? புகழ்ச்சியால் இதுவரை ஒருவரும் செத்ததில்லை" என்றார் தவசிமுத்துப் புலவர்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. அய்யம்மாள் ஒவ்வொரு மாதமும் எத்தனை பாட்டு மிச்சம் என்று கேட்பாள். சங்கையா எத்தனை சாற்றுக்கவி சேர்ந்திருக்கிறது என்று பதில் சொல்வார். ஹமீது அதற்குள் ஐந்தாவது நூலுக்குப் போய்விட்டிருந்தான். ஒவ்வொரு நூல் வரும்போதும் சங்கையா அதன் முதல் பக்கத்தைப் புரட்டி, சாற்றுக்கவி இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வைப்பார். அதுதான் அவருக்கு மருந்து.

அறுபதாம் பாட்டும் நீங்கிய அன்று சபை எழுந்து நின்று கைதட்டியது.

"இனி இந்நூலில் குற்றம் என்று சொல்ல ஓர் எழுத்துமில்லை" என்றார் அக்கிராசனர். "நூற்பொருத்தம் பூரணம். எம் சபை வரலாற்றிலேயே யாருக்கும் தீங்கு செய்யாத முதல் நூல் இது."

ஆண்டிச்சாமி முத்திரை குத்தினார். நீக்கப்பட்ட பாட்டுகளை யாரும் எங்கும் பாடாமல் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு காகிதத்தில் சங்கையாவிடம் கையெழுத்து வாங்கினார். சிவப்பு நாடாவைக் கட்டும்போது ஆண்டிச்சாமியின் கண்ணில் நீர் நின்றது.

மதுரையிலிருந்து நூல் வந்தது. "வெள்ளச் சிந்து. இஃது சங்கையாப் புலவர் இயற்றியதும், நூற்பொருத்தப் பரிசோதனைச் சபையாரால் பழுதறப் பார்வையிடப்பெற்றதும்" என்று மேலட்டை. உள்ளே அறுபது சாற்றுக்கவி. கடைசியில் "முற்றிற்று." அய்யம்மாள் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அன்று வீட்டில் பாலே வாங்கவில்லை.

சந்தை நாளன்று சங்கையா நூலை முதலில் ஹமீதிடம்தான் கொடுத்தார். பார்த்துச் சாகட்டும் என்றுதான் கொடுத்தார்.

ஹமீது எழுத்துக்கூட்டி ஒரு வெண்பாவை வாசித்தான். இன்னொன்றை வாசித்தான். அவன் முகம் மெல்ல வாடியது.

"அம்புட்டும் ஒங்களப் பத்தியா அண்ணாச்சி?"

"அம்புட்டும்."

"நான் அஞ்சு பொஸ்தகம் போட்டுட்டேன். என்னப் பத்தி ஒருத்தன் ஒரு வரி எழுதுனதில்ல. புகையிலைக்காரன் பாட்டுன்னுதான் சொல்லுதான்" என்றான் ஹமீது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சங்கையாவுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு வருஷமாக எரிந்த வயிற்றில் யாரோ மோர் ஊற்றினார்கள். பொறாமைப்படுகிற முகத்தை எதிரே வைத்துப் பார்ப்பதில் இவ்வளவு சுகமா என்று இருந்தது. அந்தச் சுகம் வெள்ளைத்தாய் வரும்வரை நீடித்தது.

"இதுல பாட்டு எங்க சாமி?" புளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் நூலை யாரோ ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தாள். "எம் மூலத்தாலதான் போச்சா? அய்யோ, நான் பூசம்னு சொல்லியிருப்பேனே! சரி, போகுது, வாயால பாடுங்க. கேட்டுட்டுப் போறேன்."

நாலு பேர் கூடினார்கள். சங்கையா தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். முதலெழுத்து நாக்கு நுனிக்கு வந்ததும், அது மூலத்துக்கு மரண ஸ்தானம் என்பது ஞாபகம் வந்தது. இரண்டாம் பாட்டுக்குப் போனார், திருவோணம். எதிரே நிற்கிறவர்கள் முகமெல்லாம் நட்சத்திரமாகத் தெரிந்தது. திறந்த வாயோடு நின்றார். ஒன்றும் வரவில்லை.

"அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருக்கு போல" என்றான் ஹமீது. "நான் பாடுதேன். பக்கத்துல ஒக்காந்து கேட்டுக் கேட்டு எனக்கு அம்புட்டும் மனப்பாடம்."

பெட்டி மேல் ஏறினான். கோழிக்கும் சேவலுக்கும் பாடுகிற குரல் இல்லை அது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, காட்டாறு இறங்கியது, வண்டி நடு ஆற்றில் நின்றது. புளி விற்கிறவளும், புகையிலை வாங்க வந்தவனும், நட்சத்திரம் சொன்னவனும், சொல்லாமல் ஓடியவனும் வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கட்டவிழ்த்து விட்டானே காளைரெண்டும் கரைசேர
கட்டைவண்டி யோடவனும் காட்டாற்றில் போனானே"

வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். சங்கையா கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பெரிய கூட்டம் ஹமீதுக்குக்கூட இதற்கு முன் கூடியதில்லை. பாட்டு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தான் பாடும்போது இழுக்காத இடத்தில் அவன் இழுத்தான். அந்த இழுப்பில் வண்டிக்காரன் நிஜமாகவே தண்ணீரில் போனான். தன்னைவிட நன்றாகப் பாடுகிறான். தன் பாட்டையே. வயிறு முன்பைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு எரிந்தது. கையெழுத்துப் போட்ட காகிதம் அப்போதுதான், ஒரு சாக்காக, அவருக்கு ஞாபகம் வந்தது.

"நிறுத்துலே!" என்று கத்தினார். "இது சபை நீக்குன பாட்டு! அங்கீகாரம் கெடையாது! யாரும் கேக்கக் கூடாது!"

ஹமீது கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை. சங்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தார். செட்டியார்பட்டி வண்டிக்காரன் ஒருவன், பாதிப் பாட்டில் வந்து சேர்ந்தவன், அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவன் கண் சிவந்திருந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"வே, செத்த நேரம் வாயப் பொத்திக்கிட்டு இரும். இந்தப் பாட்டக் கட்டுன புண்ணியவான் நீர் போடுத சத்தத்தக் கேட்டாம்னா, அவன் மனசு என்ன பாடுபடும்?"